கரைவலைக்கு ஒரு கப்பி

எங்கள் பாடசாலை விஞ்ஞான அறையில் ஒரு கண்ணாடி அலுமாரி இருக்கிறது. அதற்குள் கப்பிகள், நெம்புச் சட்டங்கள், விற்றராசுகள் எல்லாம் வந்த நாளில் சுற்றியிருந்த பொலித்தீன் உறையோடு அப்படியே கிடக்கின்றன. யாரோ புண்ணியவான்கள் அன்பளிப்பாகத் தந்தவை. உடைந்தால் யார் பதில் சொல்வது என்ற பயத்தில் அலுமாரியைப் பூட்டி, திறப்பும் அதிபரின் மேசை லாச்சிக்குள் போய்விட்டது. வெளியார் யாராவது வருகிறார்கள் என்றால் கண்ணாடியைத் துடைப்பார்கள். மற்ற நாட்களில் பிள்ளைகள் வெளியே நின்று, கூண்டுப் புலியைப் பார்ப்பதுபோலக் கப்பியைப் பார்த்துவிட்டுப் போவார்கள். துறைமுகம் உள்ள ஊர் இது. பாரந்தூக்கியைப் பார்க்காத பிள்ளை இங்கே கிடையாது. ஆனால் கப்பியைத் தொட்ட பிள்ளை என் வகுப்பில் ஒன்றுகூட இருக்கவில்லை.

நான் மாற்றலாகி வந்த முதல் கிழமையே திறப்பைக் கேட்டேன்.

"அது விலை கூடின சாமான் ரீச்சர். படத்தில காட்டுங்கோவன்," என்றார் அதிபர்.

படத்தில் கப்பி சுழலாது என்று சொன்னேன். அவர் சிரித்தார். நான் எதைச் சொன்னாலும் அவருக்குப் பகிடிதான். பகிடி என்று எடுத்துக்கொண்டால் பதில் சொல்லத் தேவையில்லை. அன்றிலிருந்து தையற்கடையில் எறிகிற வெறும் நூற்கட்டைகளைச் சேர்க்கத் தொடங்கினேன். நடுவில் ஒரு கம்பியைச் செருகி, சணற்கயிறு போட்டு, தண்ணீர் நிரப்பிய போத்தலைக் கட்டித் தூக்கினால் பாடம் நடக்கும். பாலையூற்றிலிருந்து நிலாவெளி பஸ்சில் நூற்கட்டைப் பையோடு ஏறுகிற என்னைத் தையற்காரி என்று நினைத்த கொண்டக்டரும் உண்டு. அதிபர் நினைத்ததைவிட அது மரியாதையான நினைப்பு.

பத்தாம் தரத்துக்கு வேலை, சக்தி, வலு எல்லாம் முடிந்த கையோடு எளிய பொறிகள் வரும். எனக்கு மிகவும் பிடித்த பாடம். ஏமாற்று இல்லாத பாடம். எந்தப் பொறியும் எதையும் சும்மா தராது. பாதி விசையால் தூக்க வேண்டுமென்றால் இரண்டு மடங்கு கயிற்றை இழுக்க வேண்டும். கயிறு குறைய வேண்டுமென்றால் விசை கூடும். செய்து முடித்த வேலையைக் கணக்குப் பார்த்தால் இரண்டும் ஒன்றுதான், உராய்வு தின்றதைத் தவிர. மனிதர்களிடம் இந்த நேர்மையை எதிர்பார்த்து நான் பல தடவை மூக்குடைபட்டிருக்கிறேன். ஆகவே கப்பியோடு இருப்பது எனக்கு நிம்மதி.

ஆனால் பிள்ளைகள் என்னிடம் வருவதற்கு முன்பே அந்தப் பாடத்தைக் கெடுத்துக்கொண்டு வந்துவிடுவார்கள். பட்டணத்தில் பஸ் நிலையத்துக்குக் கிட்ட ஒரு தகரக் கொட்டகையில் ஒலிவாங்கி வைத்து ரியூசன் கொடுக்கிற சேர் ஒருவர் இருக்கிறார். மதிலுக்கு மதில் ஒட்டியிருப்பது அவருடைய முகம்தான். கைகளைக் கட்டிக்கொண்டு நிற்பார், பின்னால் மின்னல் அடிக்கும். கப்பிக்கென்று அவர் ஒரு மந்திரம் வைத்திருக்கிறார். கயிற்றை எண்ணு, எண்ணினதால் பிரி. சுமை எங்கே கட்டியிருக்கிறது, எத்தனம், அதாவது நாம் கொடுக்கிற விசை, எங்கே இருக்கிறது என்பதெல்லாம் அவருக்கு வீண் கதை. சோதனைத் தாளில் வருகிற படத்துக்கு விடை வந்தால் போதும். பிள்ளைகள் என் கேள்வி முடிய முதலே "ரெண்டு கயிறு, ரெண்டால பிரிங்கோ ரீச்சர்" என்பார்கள். ஒன்றை மட்டும் ஒத்துக்கொள்கிறேன். பின்னேர வெயிலில் அந்தத் தகரத்துக்குக் கீழே ஒரு பிள்ளையும் நித்திரை கொள்வதில்லையாம். என் வகுப்பில் காலையிலேயே கொள்கிறார்கள்.

ஒரு நாள் எரிச்சல் தாங்காமல் அவர்களைப் பிடிக்க ஒரு பொறி வைத்தேன். நூற்கட்டைக் கப்பியில் போத்தலைத் தொங்கவிடாமல், போத்தலைக் கயிற்றின் ஒரு நுனியில் கட்டினேன். மற்ற நுனி மேசைக்காலில். நடுவில் கப்பியைக் கையில் பிடித்துத் தூக்கினேன். கப்பிக்கு இரண்டு பக்கமும் கயிறு, எண்ணினால் இரண்டுதான். எவ்வளவு விசை வேண்டும் என்று கேட்டேன்.

"பாதி," என்றது வகுப்பு, ஒரே வாயாக.

பின்வரிசை வாங்கிலிருந்து ஒரு பிள்ளை மட்டும் கையை உயர்த்தினாள். இரட்டைப் பின்னலும் மை கசிந்த விரல்களுமாக இருக்கிற பிள்ளை. ரியூசனுக்குப் போக வசதி இல்லாததால் அறிவு கெடாமல் தப்பியவள்.

"சுமை கப்பியில இல்லையே ரீச்சர். நாங்கள்தானே கப்பியில நிக்கிறம். அப்ப ரெண்டு மடங்கு இழுக்க வேணும் எல்லோ?"

அவளைக் கூப்பிட்டுக் கப்பியைக் கையில் கொடுத்தேன். தூக்கிப் பார்த்தாள். போத்தல் சடாரென்று உயர்ந்தது, ஆனால் பாரம் கையைக் கீழே இழுத்தது. "ஓம், பாரமா இருக்கு," என்று சொல்லிச் சிரித்தாள். அந்தச் சிரிப்புக்காக ஒரு தவணை முழுக்க அதிபரைப் பொறுத்துக்கொள்ளலாம் என்று எனக்குத் தோன்றியது. உயர்தரத்தில் கணிதப் பிரிவுக்கு அனுப்ப வேண்டிய பிள்ளை இவள் என்று அன்றைக்கே அதிபரிடம் சொன்னேன். அவர் பார்ப்போம் என்றார்.

இந்தப் பிள்ளையின் தாய் கரைவலை இழுக்கிறவர். தகப்பன் கட்டாருக்குப் போனவர். போனவர் போனவர்தான். கரைவலை என்பது தோணியில் கொண்டுபோய்க் கடலில் வளைத்துப் போடுகிற பெரிய வலை. அதன் இரண்டு கயிறுகளும் கரைக்கு வரும். ஒவ்வொரு கயிற்றிலும் ஒரு கூட்டம் நின்று, காலை மணலில் ஊன்றிப் பின்னோக்கி நடந்து இழுக்க வேண்டும். இரண்டு பக்கமும் சமமாக வராவிட்டால் வலை சரிந்து மீன் ஓடிவிடும். இந்தக் கரையில் ஒரு வழக்கம் இருக்கிறது. கயிற்றில் கை வைத்தவருக்குப் பங்கு உண்டு. முன்னால் நிற்கிற தடியர்களுக்குப் பெரிய பங்கு. கயிற்றின் வாலில் நின்று இழுத்து, வந்த கயிற்றை வளைத்து அடுக்குகிற பெண்களுக்குச் சின்னப் பங்கு. ஆனாலும் பங்குதான், பிச்சை அல்ல. ஹோட்டலில் தங்குகிற வெள்ளைக்காரர்களும் சில நாட்களில் வந்து கயிற்றைப் பிடிப்பார்கள். அவர்களுக்குப் பங்கு கிடையாது, படம் மட்டும்தான். தாயின் அந்தச் சின்னப் பங்கில்தான் அந்த வீட்டில் உலை வைத்தார்கள். அந்த இடம் போனால் அவர்களுக்கு வேறு வழியில்லை என்பது ஊருக்கே தெரியும்.

வலையின் சொந்தக்காரரைச் சம்மாட்டி என்பார்கள். அவர் எங்கள் பாடசாலையின் பழைய மாணவர், அபிவிருத்திக் குழுவில் இருப்பவர். அதிபரின் தலைக்கு மேல் சுற்றுகிற மின்விசிறி அவர் தந்தது. அதனால் அவர் வந்தால் அதிபர் எழும்பி நிற்பார். ஒரு நாள் காலை அவர் வந்திருந்தபோது என்னையும் அந்த அறைக்குக் கூப்பிட்டார்கள்.

"ரீச்சர், என்ர மகன் ரியூசன் சேரிட்டப் படிக்கிறவன். கப்பி போட்டு இழுத்தா பாதி ஆள் போதுமாம். மெய்யோ?" என்று சம்மாட்டி கேட்டார்.

"முறையாப் போட்டா போதும். ஆனா கயிறு ரெண்டு மடங்கு இழுக்க வேணும்," என்றேன்.

"கயிறு கிடக்குத் தாராளமா. ஆள்தானே பங்கு கேக்குது." தன் கதையைத் தானே ரசித்துச் சிரித்தார். "முதல்ல அந்த வாலில நிக்கிறதுகளை வீட்ட அனுப்பலாம். கயிறைத் தடவிக்கொண்டு நிக்கிறதுகள், மீன் எண்டவுடன கூடையோட முன்னுக்கு வருங்கள்."

கேள்விக்கு விடை ஓம் என்பதுதான். இயற்பியலை அவருக்காக மாற்ற என்னால் ஏலாது. ஆனால் அந்த ஆளின் வெற்றிலைச் சிரிப்பைப் பார்க்கப் பிடிக்கவில்லை. திரும்பிப் பார்த்தேன். வகுப்பின் வரவுப் பதிவு இடாப்பைக் கொண்டுவந்த அந்தப் பிள்ளை வாசலில் நின்றாள். முழுவதையும் கேட்டிருக்கிறாள் என்பது முகத்தில் தெரிந்தது. இடாப்பை மேசையில் வைத்துவிட்டுப் போனாள்.

அதிபருக்கு இதற்குள் வேறொரு வெளிச்சம் பிறந்துவிட்டது. சமூகத்தோடு இணைந்து ஏதாவது ஒரு கற்றல் செயற்பாடு செய்து படங்களோடு அனுப்பச் சொல்லி மேலிடத்திலிருந்து கேட்டுக்கொண்டிருந்தார்கள். வகுப்பைக் கடற்கரைக்குக் கொண்டுபோய்ச் சம்மாட்டியின் வலையில் கப்பி பூட்டிக் காட்டினால் ஒரே கல்லில் இரண்டு மாங்காய். ரியூசன் சேரை வளவாளராக அழைப்போம் என்றார். வளவாளர் என்றால் வெளியிலிருந்து வந்து அறிவு தருகிறவர், மாலை போட்டு வரவேற்க வேண்டியவர். படிப்பிக்கிற நான் மாலையைப் பிடித்துக்கொண்டு நிற்கிறவள்.

கப்பி பூட்டுகிறது ஒரு மாணவியாக இருந்தால் படம் வடிவாக வரும் என்று அதிபர் வகுப்புக்கு வந்து கேட்டார். எல்லாப் பிள்ளைகளும் அவளைத்தான் கை காட்டினார்கள். அவள் மறுப்பாள், மறுக்க வேண்டும் என்று நான் எதிர்பார்த்தேன். அவளோ எழுந்து நின்று, "நான் கட்டுறன் சேர்," என்றாள். வகுப்பு முடிந்ததும் அவளைத் தனியே கூப்பிட்டு, உனக்கு விருப்பமில்லாவிட்டால் நான் வேறு ஆளைப் போடுகிறேன் என்றேன். "இல்லை ரீச்சர், நானே கட்டுறன்," என்றாள் திரும்பவும். கொஞ்சம் கோபமாகக்கூட இருந்தது எனக்கு. படத்துக்கு நிற்கிற ஆசை இவளையும் பிடித்துவிட்டதோ என்று நினைத்தேன்.

அந்த நாள் வந்தது. கடற்கரையில் இரண்டு கம்பு நட்டுப் பதாகை கட்டியிருந்தார்கள். கதிரைகள் மணலில் ஒரு பக்கமாகப் புதைந்து நின்றன. ரியூசன் சேர் காலில் சப்பாத்தும் கழுத்தில் ரையுமாக வந்து இறங்கினார். ஒலிவாங்கி இல்லாத இடத்தில் தன் குரல் இவ்வளவு சின்னதா என்று அவரே திகைத்திருக்க வேண்டும். தொண்டையைச் செருமிக்கொண்டு பேசினார். மனிதன் ஏன் பொறிகளைக் கண்டுபிடித்தான் என்று தொடங்கி, கயிற்றின் வாலில் நிற்கிற பெண்களைக் காட்டி, "உதாரணத்துக்கு இவையள். சும்மா பிடிச்சுக்கொண்டு நிக்கினம். விஞ்ஞானத்தின்படி இவையள் செய்யிற வேலை பூச்சியம்," என்றார். சம்மாட்டி கை தட்டினார். அந்தப் பெண்கள் விடியற்காலையிலிருந்து மணலில் எவ்வளவு தூரம் பின்னால் நடந்திருப்பார்கள் என்பதை இந்த மேதை எண்ணவில்லை. விசை கொடுத்தபடி நகர்ந்தால் அது வேலை என்பது அவருடைய சொந்தக் குறிப்பிலேயே முதற்பக்கத்தில் இருக்கிறது. அதை எழுதியவருக்கும் வாசித்த பழக்கம் இல்லை.

பிறகு சம்மாட்டி கட்டளையிட்டார். கப்பி பூட்டுகிற கயிற்றில் பாதிப் பேர் மட்டும் நிற்க, மற்றவர்கள் தள்ளி நிற்க வேண்டும். தள்ளி நிறுத்தப்பட்டவர்களில் பிள்ளையின் தாயும் ஒருவர். மெலிந்த பெண், பழைய ஆண்கள் சேட்டொன்றைச் சட்டைக்கு மேலே போட்டிருந்தார். வெறுங்கையை என்ன செய்வதென்று தெரியாமல் சேட்டு நுனியைப் பிடித்துக்கொண்டு நின்றார். கண்கள் கயிற்றிலேயே இருந்தன.

சம்மாட்டி எங்கேயோ பழைய இரும்புக் கப்பியொன்றைத் தேடிப் பிடித்து எண்ணெய் போட்டுக் கொண்டுவந்திருந்தார். முறைப்படி கட்டுவதென்றால் இப்படி. தனிக் கயிறொன்றின் நுனியைக் கரையின் மேற்பக்கத்துத் தென்னையில் கட்ட வேண்டும். கப்பியைக் கடலிலிருந்து வருகிற வலைக்கயிற்றில் கொழுவ வேண்டும். தென்னையிலிருந்து இறங்கும் கயிறு கப்பியைச் சுற்றி மேலே திரும்பும். அந்த மற்ற நுனியை ஆட்கள் இழுத்தால் பாதி விசையில் வலை வரும். வகுப்பில் இதைத்தான் வரைந்து காட்டியிருந்தேன்.

அவள் தென்னைப் பக்கம் போகவே இல்லை. தண்ணீர்க் கரையோரம் தோணி கட்டுகிற குற்றியொன்று நின்றது. கயிற்றின் ஒரு நுனியை அதில் கட்டினாள். கயிற்றை மேலே கொண்டுவந்து கப்பியில் சுற்றி, திரும்பக் கீழே இறக்கி, மற்ற நுனியை வலைக்கயிற்றோடு முடிந்தாள். கப்பியின் கொழுக்கியில் ஆட்கள் இழுக்கிற கயிற்றைப் பூட்டினாள். நிதானமாக, படம் எடுக்கிறவர்களுக்கு முகம் காட்டாமல் செய்தாள்.

"ஏன் தென்னையில கட்டேல்ல?" என்று சம்மாட்டி கேட்டார்.

"அந்தத் தென்னை நிக்கிற மேல் மண் பொலபொலக்கும், மரம் அசையும். ஈரமண்ணிலதான் குற்றி இறுக்கமா நிக்கும்," என்றாள். அவருக்கு மணல் தெரியும். ஆகவே தலையை ஆட்டினார்.

எனக்குப் புரிய ஒரு மூச்சு நேரம் எடுத்தது. வகுப்பில் நான் பிடித்துக் காட்டிய அதே தலைகீழ்க் கட்டு. வலை நுனியில், ஆட்கள் கப்பியில். பாதியல்ல, இரண்டு மடங்கு இழுக்க வேண்டும். அதற்குக் கூலியாக வலை இரண்டு மடங்கு தூரம் வரும், இழுக்க முடிந்தால். நான் அவளைப் பார்த்தேன். அவளும் என்னைப் பார்த்தாள். பிழை விட்ட பிள்ளையின் முகம் அல்ல அது. விளங்காமல் கட்டுகிறவளுக்கு இவ்வளவு சுத்தமாகத் தலைகீழாகக் கட்ட வராது. எனக்குப் பயமும் பெருமையும் ஒன்றாக வந்தன.

சொல்லியிருக்கலாம். ஒரு வார்த்தை போதும். பக்கத்தில் வளவாளர் நிற்கும்போது நான் ஏன் சொல்ல வேண்டும் என்று வாயை மூடிக்கொண்டேன். அவர் ரையை ஒதுக்கிப் பிடித்துக்கொண்டு கப்பியருகே குனிந்தார். விரலை நீட்டி எண்ணினார்.

"எத்தனை கயிறு, பிள்ளையள்? ஒண்டு. ரெண்டு. ரெண்டால பிரி. திறமான கட்டு."

பிள்ளைகள் குறிப்பெடுத்தார்கள். அதிபர் படம் எடுத்தார். கயிற்றில் நின்றவர்கள் வாய் திறக்கவில்லை. அவர்களில் ஒருவருக்குக்கூட அது விளங்கவில்லை என்று நான் சொல்ல மாட்டேன். கப்பி ஓடினால் நாளைக்கு யார் வீட்டில் இருப்பார்கள் என்பது அவர்களுக்கும் தெரியும், அதைத் திருத்திக் கொடுக்க அவர்களுக்கு என்ன தலைவிதி.

வலை இழுக்கிற அம்பாப் பாட்டைப் பாடி இழுக்கத் தொடங்கினார்கள். இந்தப் பக்கத்துக் கயிறு முறுகியது, முனகியது, சாண் அளவு வந்து நின்றது. முன்னால் நின்ற தடியனின் குதிக்கால் மணலை உழுதுகொண்டு முன்னே வழுக்கியது. மற்றப் பக்கத்துக் கூட்டம் வழக்கம்போல இழுத்துக்கொண்டு போனது. தூரத்தில் மிதப்புக் கட்டைகளின் வளைவு ஒரு பக்கமாகச் சாயத் தொடங்கியதைச் சம்மாட்டி கண்டார். வலை சரிகிறது என்றால் காசு கடலில் போகிறது. ரியூசன் சேர் "இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம்" என்று உற்சாகம் கொடுத்தார். சப்பாத்துக்குள் அலை புகுந்தது.

"கழட்டுங்கோ அந்தச் சனியனை," என்று சம்மாட்டி கத்தினார். தள்ளி நின்றவர்களைப் பார்த்துக் கையை வீசினார். "என்ன வேடிக்கையோ பாக்கிறியள்? வந்து பிடியுங்கோ எல்லாரும்."

அந்தப் பெண்கள் ஓடிய ஓட்டத்தை நான் மறக்க மாட்டேன். தாய்தான் முதலில் கயிற்றைப் பிடித்தார். கப்பி கழன்று மணலில் விழுந்தது. எல்லாரும் பிடித்து இழுக்க வலை நிமிர்ந்தது, மெல்ல மெல்லக் கரைக்கு வந்தது. வலையின் மடியில் சூடையும் கும்பளாவும் கொஞ்சம் பாரை மீனும் கிடந்தன. குறைந்துதான் போயிருந்தது. ஆனாலும் ஓடிப்போனதைவிட நின்றதுதான் அதிகம்.

பிறகு பிரேத பரிசோதனை நடந்தது. ரியூசன் சேர் ஈரச் சப்பாத்தோடு கதிரையில் இருந்து விளக்கம் சொன்னார். உராய்வு. உப்புக்காற்று. கப்பி பழசு. கடைசியாகக் கண் பிள்ளையில் விழுந்தது.

"முடிச்சும் சரியில்லை. பிள்ளைக்குச் செய்முறை வராது போல," என்றார்.

அதிபர் என்னிடம் திரும்பினார். "இந்தப் பிள்ளையையோ ரீச்சர் கணிதப் பிரிவுக்கு எண்டு சொன்னனீங்கள்?"

என் நாக்கு நுனி வரை வந்தது. இந்தக் கடற்கரைக்கு விஞ்ஞானம் பேச வந்தவர்களில் கப்பி விளங்கியது இரண்டே பேருக்கு, அதில் ஒருத்தி இவள் என்று அந்த மண்டூகங்களின் முகத்துக்கு நேரே சொல்ல வேண்டும் போலிருந்தது. பிள்ளை என்னைப் பார்த்து மெல்லத் தலையை ஆட்டினாள். வேண்டாம் என்கிறாள். நான் சொல்லவில்லை. "கப்பியும் மண்ணாங்கட்டியும். கை இழுக்கிற மாதிரி வருமோ," என்று சம்மாட்டி அந்த இரும்பைக் காலால் தள்ளிவிட்டு மீனைப் பங்குபோடப் போனார். பிள்ளைகள் சிரித்தார்கள். அவள் வகுப்புத் தோழிகளும்தான் சிரித்தார்கள். இரட்டைப் பின்னலின் நுனியைப் பிடித்துக்கொண்டு அவள் அதைக் கேட்டுக்கொண்டு நின்றாள்.

பங்கு கிடைத்த பிறகு தாய் என்னிடம் வந்தார். மகள் பின்னால் நின்றாள்.

"அவளை ஏசாதேங்கோ ரீச்சர். ஏலாத வேலையைக் குடுத்துப்போட்டீங்கள். வேற ஏதும் லேசான பாடத்துக்கு விடுங்கோ. தையல் எண்டாலும் பரவாயில்லை."

சபைக்கு நடுவே எல்லாவற்றையும் விழுங்கிவிட்டேன். இதை மட்டும் விழுங்க என்னால் ஏலவில்லை. சம்மாட்டி கூடைகளுக்குப் பக்கத்தில் நின்றார். தாயை அலையோரம் கொஞ்ச தூரம் கூட்டிக்கொண்டு போய்க் குரலைத் தாழ்த்திச் சொன்னேன்.

"உங்கட மகள் பிழை விடேல்ல. தெரிஞ்சுதான் மாத்திக் கட்டினவள். அந்தச் சேருக்கு விளங்காதது இவளுக்கு விளங்கினது."

தாய் மகளைப் பார்த்தார். மகள் கடலைப் பார்த்தாள்.

"அப்ப ஒழுங்காக் கட்டியிருந்தா?"

"லேசா வந்திருக்கும். பாதிப் பலம் போதும். பாதிப் பேர் போதும்."

அவர் தன் உள்ளங்கைகளை விரித்துப் பார்த்தார். கயிறு அறுத்த தழும்புகளுக்கு மேல் அன்றைக்குப் புதிதாக அறுத்தது சிவந்திருந்தது. இவ்வளவு லேசாக இருந்திருக்குமா என்று தனக்குள் கேட்பதுபோல உதடுகள் அசைந்தன.

"பாதிப் பேர் எண்டா, மற்றப் பாதியிலதான் ரீச்சர் நான்," என்றார்.

மகளின் தோளைப் பிடித்துத் திருப்பினார். தாய்க்கு எல்லாம் விளங்கிவிட்டது என்பதை அந்தப் பிடியில் அவள் உணர்ந்திருப்பாள், ஏனென்றால் அவள் கண் கலங்கியது அப்போதுதான். கூடைகள் இருந்த இடத்துக்கு வந்ததும், சம்மாட்டிக்குக் கேட்கும்படி தாய் குரலை உயர்த்தினார்.

"ஒரு கயிறு கட்டத் தெரியாத மொக்கு. கூடையையாவது ஒழுங்காத் தூக்கு."

சம்மாட்டி வயிறு குலுங்கச் சிரித்தார். மகள் தலையைக் குனிந்துகொண்டு கூடையைத் தூக்கினாள்.

"நாளைக்கும் வலை இருக்கு. வெள்ளென வந்திடு," என்றார் சம்மாட்டி தாயிடம்.

"ஓம் முதலாளி," என்றார் தாய்.